கோப்பி போச்சு, கொழுந்து வந்துச்சு, கூடை மட்டும் அப்படியே

1848ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பசுமாடு கப்பலேறியது. டர்ஹாம் வம்சம், நல்ல கொழுத்த மாடு. நுவரெலியாவுக்கு வந்து கன்று போட்டு, பால் கொடுத்து, இலங்கை மலைநாட்டைத் தூக்கி நிறுத்துவதுதான் அதற்குக் கொடுத்திருந்த வேலை. கொழும்பில் இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். பாரம் தாங்காமல் வண்டியின் அடிப்பலகை பெயர்ந்துபோனது. "சரி, நடந்தே வரட்டும்" என்று முடிவானது. மாடும் நடந்தது, மலையேறி முடியுமுன் வழியிலேயே செத்தும் போனது.

மலைநாட்டுப் பொருளாதாரத்தைப் பன்முகப்படுத்துகிறோம் என்று கிளம்பியவர்களில் கால்நடையாக வந்தது அந்த மாடு மட்டும்தான். பின்னால் வந்த கமிட்டிகள் எல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்தன.

மாட்டின் சொந்தக்காரர் சாமுவேல் பேக்கர். வயது 27. யானை சுட வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, நுவரெலியாக் குளிரில் குணமானவர். காய்ச்சல் தீர்ந்தால் நம்மவர்கள் முருகனுக்கு ஒரு காவடி எடுப்பார்கள். பேக்கர் அந்த இடத்தில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்குவதாக நேர்ந்துகொண்டார். ஊருக்குப் போய் கொல்லன், பண்ணை மேற்பார்வையாளர், கலப்பை, செம்மறியாடு, வேட்டைநாய் என்று ஒரு கப்பல் நிறையச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். கூட வந்த குதிரைக்காரன் குடிவெறியில் வண்டியையும் குதிரைகளையும் மலைச்சரிவில் உருட்டிவிட்டான். விழுந்ததை மீட்க அரசாங்கம் ஒரு யானையைக் கொடுத்தது. அந்த யானையையும் மலையேற்றத்தில் ஓட்டோ ஓட்டென்று ஓட்டிச் சாகடித்தான். காட்டை வெட்டி ஓட்ஸ் விதைத்தார்கள். மரைகளும் பன்றிகளும் விருந்துண்டன. உருளைக்கிழங்கு நட்டார்கள், புழு தின்றது. செம்மறிகள் செத்தன. எருதுகளை நோய் கொண்டுபோனது. எஞ்சி நின்றது பியர் மட்டும்தான்: நுவரெலியாவில் முதன்முதலாகப் பியர் வடித்த புண்ணியவான் பேக்கர்தான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

1855இல் மனிதர் மூட்டை கட்டினார். பிறகு ஆபிரிக்கா போய், நைல் நதி எங்கிருந்து வருகிறது என்று தேடினார். நுவரெலியாவில் விவசாயம் பார்த்தவருக்கு அது இலகுவான வேலையாகத்தான் இருந்திருக்கும்.

பேக்கர் ஒரு மலையில் பத்துத் தொழில் நடத்தப் பார்த்துத் தோற்றார். மற்றத் துரைமார் பத்து மலையில் ஒரே தொழிலை நடத்திப் பணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலின் பெயர் கோப்பி.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பிக்கு ஏற்றுமதி வரி வேண்டாம் என்றார். தானே தோட்டமும் போட்டார். வரியை எடுத்தவரும் தோட்டம் போட்டவரும் ஒரே ஆளாக இருந்ததால் இருவருக்கும் இடையில் கருத்து வேறுபாடே வரவில்லை. 1840இல் ஒரு சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் மேடும் முடிக்குச் சொந்தம் என்றது. முடி அதை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றது. வாங்க வரிசையில் நின்றவர்கள் யார்? ஆளுநர், அவருடைய அதிகாரிகள், படைத் தளபதிகள், பாதிரியார். விற்கிற மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களே இந்தப் பக்கமும் வந்து நின்றார்கள். கண்டிச் சீமையின் கிராமத்தவர் தம் சேனைக் காணிக்கு உறுதி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மலை கைமாறிவிட்டது.

வேலைக்கு ஆள்? அதற்குத்தான் தமிழ்நாடு இருந்ததே. பஞ்சம் ஒரு பக்கம், பண்ணையார் மறுபக்கம் என்று நெருக்கப்பட்ட சனத்தைக் கங்காணிமார் கூட்டிவந்தார்கள். தேங்காயும் மாசியும் மரத்தடியில் கிடைக்கும் என்பது அந்தக் காலத்து ஆட்சேர்ப்பு விளம்பரம். தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் நேர்த்தியாகக் கணக்கு வைக்கவில்லை; எத்தனை மூட்டை கோப்பி கப்பலேறியது என்பதற்கு இறாத்தல் சுத்தமாகக் கணக்கு இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிப்பது பருவகால வேலை. வந்தார்கள், பறித்தார்கள், பிழைத்திருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆகவே இவர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆசுபத்திரி என்று எதுவும் வேண்டியதில்லை என்பது துரைமார் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஒரு பூஞ்சணம் வரும்வரை.

1869இல் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தென்பட்டது. தாவரவியலார் அதற்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். துரைமார் 'டெவஸ்டேட்டிங் எமிலி' என்று செல்லப்பெயர் சூட்டிச் சிரித்தார்கள். எமிலியும் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் தோட்டங்கள் மொட்டையாகின. நோய் பரவப் பரவப் புதுத் தோட்டமும் போட்டுக்கொண்டே போனார்கள் என்பதுதான் இதில் விசேஷம். 1870களில் கோப்பி விலை நன்றாக ஏறியிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் காசு குறையவில்லை. காசு குறையாதவரை எந்த நோயும் நோயில்லை.

கடைசியில் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை 1880இல் வரவழைத்தார்கள். அவர் இரண்டு வருடம் இலை இலையாகப் பார்த்தார். மலை முழுக்க இடைவெளியில்லாமல் ஒரே செடியை நட்டிருக்கிறீர்கள். காற்றுக்கும் பூஞ்சணத்துக்கும் இதைவிட நல்ல வழி வேறென்ன வேண்டும் என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தார். அதாவது, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்றார். துரைமார் பணிவோடு கேட்டுக்கொண்டார்கள். பின்பு மலை முழுக்க இடைவெளியில்லாமல் வேறொரு செடியை நட்டார்கள்.

அதற்குள் 1884இல் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்திக்கொண்டது. தோட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன் எல்லாம் மொட்டை மரமாக நின்றது. வங்கியின் நோட்டுகள் வெறும் கடதாசியாகிவிடும் நிலையில், ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்துக் கடைத்தெருவைக் காப்பாற்றினார். செத்த கோப்பி மரங்களை என்ன செய்வது? கிளையைக் கழித்து, தண்டை மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்களாம், தேநீர் மேசைக்குக் கால் செய்ய. கோப்பியின் முதுகில் ஏறித்தான் தேநீர் சபைக்கு வந்தது.

ஆனால் நேரடியாகத் தேயிலை வந்துவிடவில்லை. நடுவில் சிங்கோனா என்றொரு கூத்து. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் மரம். 1861இல் ஹக்கலையில் தாவரவியல் தோட்டம் தொடங்கியதே இந்த மரத்துக்காகத்தான். கோப்பி படுத்ததும் துரைமார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். ஒரே நேரத்தில் நட்டார்கள். ஒரே நேரத்தில் பட்டை உரித்தார்கள். 1880களின் நடுவில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டைவரை கப்பலேறியது. உலகத்தில் அவ்வளவு காய்ச்சல் இல்லை. விலை விழுந்தது. இதைவிட வீரியமான மரத்தை ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்து வைத்திருந்தார்கள். மிச்சச் சந்தையையும் அவர்கள் வாரிக்கொண்டார்கள். சிங்கோனாவும் வெட்டப்பட்டது.

இப்போதுதான் தேயிலை. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தாடியும் மீசையுமாக ஆள் மலைபோல் இருப்பார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையாலேயே கொழுந்தை உருட்டினார். 1873இல் லண்டனுக்குப் போன இவருடைய தேயிலை 23 இறாத்தல். இன்று கொழும்பு ஏலத்தில் அதை மாதிரிக்கென்றே ஊற்றிக் குடித்துவிடுவார்கள். அந்த 23 இறாத்தல் ஒரு நாட்டின் கொடியாகவே ஆனது.

1890இல் தோமஸ் லிப்டன் வந்தார். தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். பொதியின் மேல் தன் பெயரைப் போட்டார். 1892இல் டெய்லரை வேலையை விட்டுப் போகச் சொன்னது கம்பனி. மனிதர் தோட்டத்தை விட்டு நகரவில்லை; அதே வருடம் அங்கேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். தேயிலையை வளர்த்தவருக்குச் சமாதியும், விற்றவருக்கு சர் பட்டமும் கிடைத்தன. கொழுந்து எடுத்தவர்களுக்குக் கொழுந்தே கிடைத்தது. அதையும் நிறுவையில் கழிவு போட்டுத்தான் எழுதினார்கள்.

தேயிலை ஒரு விஷயத்தில் கோப்பிக்கு நேர் எதிர். கோப்பிக்குப் பருவம் உண்டு. கொழுந்துக்குப் பருவமே கிடையாது. ஒரு மட்டத்தை ஆய்ந்து முடித்து ஏழெட்டு நாளில் அதே மட்டம் மறுபடி கூப்பிடும். அதனால் தொழிலாளி ஊர் திரும்பக்கூடாது. மனைவி வேண்டும், மகள் வேண்டும், மகளின் மகளும் வேண்டும். லயம் கட்டினார்கள்: பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. விடிய முன்னர் தப்பு அடித்தால் ஆளெண்ணும் பிரட்டுக்களம். பிறகு நிறையவேண்டிய கூடை. வேலைக்கு எத்தனை தலை வந்தது என்று எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு. வேறு தோட்டத்துக்குப் போக ஆசையா? அதற்கு 'துண்டு' வேண்டும். துண்டில் உங்கள் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் உங்களை எடுத்துக்கொள்ளும். தோட்டம் மாறும், கங்காணி மாறுவார், கடன் மட்டும் விசுவாசமாகக் கூடவே வரும். இந்தத் துண்டு 1921இல்தான் ஒழிந்தது.

நியாயமாகச் சொன்னால் அந்தக் காலத்திலும் பன்முகப்படுத்தல் நடக்காமல் இல்லை. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் வந்தது, 1876இல் ஹில் கிளப் வந்தது, 1889இல் கோல்ஃப் வந்தது. துரைமாரின் பொழுதுபோக்கு நன்றாகவே பன்முகப்பட்டது.

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியை முதுகில் சுமந்தவர்கள் நாட்டுக்கே அந்நியர் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆளைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தேயிலையைக்கூடத் தரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

கப்பலேறிப் போனவர்களுக்குத் தாயகத்தில் புதுத் தொழில் கொடுக்க வேண்டுமே. தமிழ்நாட்டு அரசு ஆழமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை நட்டது. தாயகம் திரும்பியவர்களை அங்கே கொழுந்தெடுக்கக் குடிவைத்தது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் என்று அதற்குப் பெயர். ஹட்டனில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கோச்சி, கப்பல், மறுபடி ரயில், பஸ் என்று ஏறி இறங்கி, கோத்தகிரியில் இன்னொரு கூடையை மாட்டிக்கொண்டார்கள். கூடலூரில் கேட்டால் அவர்களை இன்றும் 'சிலோன்காரர்' என்பார்கள்.

இங்கே மிஞ்சியவர்களுக்கு 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது. ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காணி இனி மக்களுக்கு என்றார்கள். அந்த 'மக்கள்' பட்டியலில் தோட்டத்தில் இருந்தவர்கள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. அரிசி இல்லை, மா இல்லை, வேலை நாளும் குறைவு. வெள்ளைத்துரை போய் உள்ளூர்த்துரை வந்ததுதான் சீர்திருத்தம். 1977இல் நுவரெலியாப் பக்கத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போனபோது தொழிலாளர் மறித்தார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் செத்தார். இந்த இடத்தில் பகிடிக்கு ஒன்றும் இல்லை. காணி என்றால் என்னவென்று அந்த இளைஞனுக்கு எந்த நிபுணரைவிடவும் நன்றாகத் தெரிந்திருந்தது.

1978இல் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானார். என்ன அமைச்சு? கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி. தோட்டத்தை நிருவாக ஏட்டில் 'கிராமம்' என்று யாரும் எழுதுவதில்லை; பிரதேச சபைகூட நெடுங்காலம் தோட்ட வாசலோடு நின்றுவிட்டது. கைத்தொழில் கிராமத்துக்கு, தலைவர் தோட்டத்துக்கு. விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. இருந்தாலும் அவர் காலத்தில் குடியுரிமைப் பிரச்சினை அவிழத் தொடங்கியது என்பதை மறக்கக்கூடாது. வாக்கு வந்த பிறகுதான் வாத்தியார் வேலையும் வந்தது.

அதே காலத்தில் நட்டத்தில் ஓடிய மத்திய மலைநாட்டுத் தேயிலைக் காணிகளில் கிராம்பும் மிளகும் நடுவதற்கென்று ஓர் அதிகாரசபையும் உண்டானது. அதிகாரசபைக்குள் கணக்கர், சாரதி, பணிப்பாளர் என்று பலவகைத் தொழில்கள் உருவாயின. அதை மறுக்க முடியாது.

1992இல் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. தோட்ட நிருவாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிவித்தார். கொழுந்து எடுத்த கை ஜூகி தையல் மெஷினில் ஏறியது. மலையக வரலாற்றில் ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு வேலைகளுக்கிடையே தெரிவு கிடைத்தது அப்போதுதான் என்று சொல்லலாம்: நாள் முழுக்க நின்றுகொண்டு இறாத்தல் கணக்கு, அல்லது நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு பீஸ் கணக்கு.

ஆனால் மலையகத்தை உண்மையாகப் பன்முகப்படுத்தியவர்கள் யார்? எந்த அறிக்கையிலும் பெயர் வராத ஆட்கள்தான். புறக்கோட்டைக் கடையில் மூட்டை தூக்கப் போன பதினைந்து வயதுப் பையன். குவைத்தில் பிள்ளை பார்க்கப் போய், லயத்துக் காம்பராவுக்குச் சீமெந்துத் தரை போட்ட அக்கா. சாதாரணதரம் தாண்டி ஆசிரிய நியமனம் வாங்கிய முதல் தலைமுறை. ஓட்டோ வாங்கி ஹட்டன் பஸ் நிலையத்தில் நிறுத்திய தம்பி. லயத்துக்குப் பின்னால் கான் ஓரத்தில் நான்கு பாத்தி போட்டு லீக்ஸும் கரட்டும் நட்டு, சந்தைக்கு அனுப்பிய தாத்தா. பேக்கர் கப்பல் கொண்டுவந்து தோற்ற மரக்கறித் தோட்டத்தை இவர் ஒரு மண்வெட்டியோடு செய்து காட்டினார். தீபாவளிக்கு முதல்நாள் கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்களைப் பாருங்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணத்துக்காகப் பேச்சுவார்த்தை நடக்கும். புதுத்துணி பஸ்ஸில் வந்து இறங்கும்.

கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. கந்தப்பொலையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. 2005இல் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் துரைமார் பங்களாக்கள் டொலருக்கு வாடகைக்கு வந்தன. விருந்தாளி பனியைப் பார்த்து "ஆகா" என்கிறார். அந்தப் பனியில் ஐந்து தலைமுறையாக நனைந்தவர்கள் அவருடைய படத்தில் பின்னணியாக நிற்கிறார்கள். பின்னணியில் நிற்பதற்குத் தனிப் பேர் போடுவதில்லை.

2021 வந்தது. ஒரு நல்ல நாளில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். தேயிலைக்கு இந்த அரசியல் விளங்கவில்லை. அடுத்த வருடம் உற்பத்தி கால் நூற்றாண்டில் காணாத அளவுக்குப் படுத்தது. தடையை எடுத்த 2021 டிசம்பர் வாக்கில்தான், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகவே திருப்பித் தருவதாக அரசு ஒப்பந்தமும் செய்தது. உரமில்லாத செடியைக் காட்டிக் கடனைத் தீர்க்கத் துணிந்த தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது மறுபடி பேச்சு எழுந்திருக்கிறது. ஸ்ட்ரோபெரி போடலாம், அவகாடோ போடலாம், தகவல் தொழில்நுட்பப் பூங்கா கட்டலாம், சுற்றுலா வளர்க்கலாம். எல்லாம் நல்ல யோசனை. கோப்பியும் நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இருநூறு வருடமாக மலையில் என்ன நடலாம் என்றுதான் கேட்டுவருகிறார்கள். மலை யாருடையது என்ற கேள்வி வந்ததும் கூட்டம் தேநீர் இடைவேளைக்குக் கலைந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு துண்டு மண் இல்லாதவனுக்கு வங்கிக்கடன் இல்லை. கடன் இல்லாதவனுக்குக் கடை இல்லை, பட்டறை இல்லை, பசுமைக்குடில் இல்லை. காணியைக் கையில் கொடுத்தால், அதில் என்ன செய்யலாம் என்று அந்த லீக்ஸ் தாத்தாவுக்கு யாரும் ஆலோசனை சொல்லத் தேவையில்லை.

தோட்ட வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்றார்கள். ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டைக் கட்டினால் லீக்ஸுக்கு இடமில்லை. லீக்ஸை நட்டால் வீட்டுக்கு இடமில்லை. அதற்கும் உறுதி எப்போது கிடைக்கும், அளவையாளர் எப்போது வருவார், கம்பனி எப்போது சம்மதிக்கும் என்று வருடக்கணக்கில் இழுபறி. இலவசமாகக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் விற்கட்டுமே. ஏக்கருக்கு 160 பேர்ச். 1840ஆம் ஆண்டில் ஆளுநரும் பாதிரியாரும் வாங்கிய அதே 5 ஷில்லிங் விலைக்குக் கணக்குப் போட்டால் 7 பேர்ச்சுக்கு மூன்று பென்ஸ்கூட ஆகாது. முற்பணம் வேண்டாம். எங்கள் ஆட்கள் ரொக்கமாகவே கட்டிவிடுவார்கள்.